கிருத்திகையன்று தவறிய ரயில்

கிர்க்கி, புனே
27.8.2025

அன்புள்ள நிஷாத்துக்கு,

தபிதாள் அக்கா எழுதுகிறேன். தபாலில் கடிதம் வந்து நீ பிரித்துப் படித்து எத்தனை காலம் ஆகியிருக்குமோ. எனக்கும் எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று. ஆனால் உன் போன் எப்போது அடித்தாலும் பிஸி என்கிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. மோனிகா வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நிஷாத் ஆன்ட்டி உன்னை பிளாக் பண்ணியிருக்காங்க" என்றாள். பெற்ற மகள் வாயால் அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ போன் கோளாறு என்று சொல்லி மழுப்பினேன்.

பேத்தி ஹெப்சி நன்றாக இருக்கிறாள். ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிந்துவிட்டது. இங்கே தமிழ் ஆராதனைக்குப் போதகர் எப்போதாவதுதான் வருவார், எனக்காக நாளைத் தள்ளிப்போட வழியில்லை. நான் வந்து இறங்கியபோது கேக் வெட்டி, வந்தவர்கள் சாப்பிட்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நீ தைத்துக் கொடுத்த வெள்ளைக் கவுன் என் டிரங்குப் பெட்டியில் இருந்ததால், கடையில் அவசரமாக வாங்கிய ஒன்றைப் போட்டுப் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் உன் கவுனைப் போட்டுப் பார்த்தோம். கச்சிதமாக இருந்தது. லேஸ் வைத்த இடத்தை மோனிகா தடவித் தடவிப் பார்த்தாள்.

அன்று அரக்கோணம் ஸ்டேஷனில் நடந்ததை ஜாஹித் உன்னிடம் எப்படிச் சொன்னானோ தெரியாது. கண் முன்னால் வண்டி போகிறது, அந்தப் பதற்றத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். வயதாகிறது. சர்க்கரை வேறு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவும் இல்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் மகனிடமும் சொல்.

இரண்டு வரி எழுது.

அக்கா
தபிதாள்


திருத்தணி
5.9.2025

தபிதாள் அக்காவுக்கு நிஷாத் பேகம் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. போனில் கோளாறு ஒன்றும் இல்லை. நான்தான் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். மோனிகாவிடம் அப்படியே சொல்லலாம்.

ஜாஹித் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்தான், "பெரிம்மாவுக்கு சீட்டு கெடச்சிடுச்சிம்மா, ஏத்தி வுட்டேன்" என்றான், குளித்தான், சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். எனக்குச் சொன்னது உங்கள் சர்ச்சில் பாட்டுப் பாடும் பெபி. அவள் யாரையோ வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்திருந்தாளாம். நீங்கள் போன நாலாம் நாள் ஜாக்கெட் அளவு கொடுக்க என் தையல் கடைக்கு வந்தவள், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "தபிதாளக்கா இப்பிடிப் பேசுவாங்கனு நான் நெனக்கவே இல்ல" என்று ஆரம்பித்தாள். டேப்பைச் சுருட்டிவிட்டு மறுநாள் வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

நீங்கள் "ஏதோ சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏதோவை நான் எழுதுகிறேன், படித்துப் பாருங்கள். "உங்க ஆளுங்கள நம்பி வண்டியில ஏறினேன் பாரு, என் புத்திய செருப்பால அடிச்சிக்கணும்." அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற என் பிள்ளையைப் பார்த்துச் சொன்னது.

எங்கள் ஆட்கள் யார் அக்கா? உங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்தவளா? உங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது உங்கள் உறவுக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து சேரும் வரைக்கும் உங்களை மடியில் போட்டுக்கொண்டிருந்தவளா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டுக் கேக்கைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தானே, அவனா? அவனுக்கு முதல் தடுப்பூசி போட்டது நீங்கள். பேசத் தெரிந்ததும் உங்களைப் பெரிம்மா என்று கூப்பிட்டான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜாஹித் இப்போது ஸ்டேஷன் சவாரிக்குப் போவதில்லை. ரயிலுக்கு என்று யார் கேட்டாலும் வேறு வண்டியைக் காட்டிவிடுகிறான். கனகம்மாசத்திரம் வரைக்கும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதோடு சரி.

கவுன் கச்சிதமாக இருப்பதில் சந்தோஷம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

நிஷாத்


கிர்க்கி
14.9.2025

நிஷாத்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் போடு.

போன கடிதத்தில் வயது, சர்க்கரை, பட்டினி என்று எழுதினேனே, அதெல்லாம் சாக்கு. எழுதும்போதே எனக்குத் தெரியும். நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

அன்று பெட்டியைக் கேட் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். தெரு முழுக்க மஞ்சள் துணியும் அரோகராவும். இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தெரியாதா? தெரிந்துதான் முன்கூட்டியே கிளம்புவதாகப் பேசி வைத்திருந்தோம். உன் கடையில் கவுனை வாங்கிக்கொண்டு ஜாஹித் வேனைக் கொண்டுவந்தபோது தாமதமாகிவிட்டது. ஏன் என்றேன். "ரோட்ல கூட்டம் பெரிம்மா" என்றான். அதற்குள் அரக்கோணம் ரோட்டில் பேரிகேட் போட்டுவிட்டார்கள். காவடிகள் கடந்துகொண்டே இருக்கின்றன. அவன் கிராமத்துப் பக்கமாகத் திருப்பினான், அங்கேயும் டிராக்டரும் ஆட்டோவும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நான் பின்னால் உட்கார்ந்து மணியைப் பார்ப்பதும் உச்சுக்கொட்டுவதுமாக இருந்தேன். அவன் பிடரியெல்லாம் வியர்வை. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

ஸ்டேஷனில் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படியில் ஓடினான். நான் மூச்சிரைக்க ஏறி மேலே வரும்போது கீழே ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னேன். அவன் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான். "மன்னிச்சிடுங்க பெரிம்மா" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது பெபிக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். சாயங்காலம் வேறொரு மும்பை வண்டி வரும் வரை அவன் போகவில்லை. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தான். வண்டி நிற்பதற்குள் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் தாவி ஏறி, ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்தான். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான். இறங்கிப் போய் பன்னும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினான். வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொல்லவில்லை. வண்டி நகரும்போது அவன் கையை லேசாகத் தூக்கினான், நான் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் போன் கோபத்தைவிட அந்தத் தூக்கிய கைதான் என்னைத் தூங்க விடவில்லை.

பிரசவ வார்டில் எத்தனை பெண்களிடம், "பதறாதம்மா, மூச்சை இழுத்து விடு" என்று சொல்லியிருப்பேன். உயிர் போகிற நிலைமையிலும் குரல் உயர்த்தாத தபிதாள் சிஸ்டர் என்று பெயர் எடுத்தவள். ஒரு ரயில் போனதற்கு இந்த ஆட்டம் ஆடினேன்.

மறுநாள் காலை நான் ரயிலில் இருக்க, மோனிகா ஞானஸ்நானத்தைப் போனில் காட்டினாள். படம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். எதிரில் இருந்த மராத்தி அம்மாள், பாஷை தெரியாமலே, என் போனுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். போதகர் தண்ணீரை வைத்தபோது ஹெப்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. பிள்ளைக்கு நான் இருந்ததும் தெரியாது, இல்லாததும் தெரியாது. நான் மடியில் வைத்துக்கொள்ளக் காலம் கிடக்கிறது. தவறியது ஒரு காலை நேரம், அவ்வளவுதான். அதற்கு நான் கொடுத்த விலை உன் பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை பதற்றத்தில் பிறந்தது இல்லை, நிஷாத். பதற்றத்தில் வெளியே வந்தது. யார் யாரோ அப்படிப் பேசக் கேட்டு, மறுத்துச் சொல்லாமல் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. நான் வேலை கிடைத்துத் திருத்தணிக்கு வந்த புதிதில் வீடு தேடியபோது ஒருவர், "உங்க ஆளுங்களுக்குக் குடுக்கறதில்லமா" என்று கதவைச் சாத்தினார். அன்று தன் வீட்டில் பக்கத்துப் போர்ஷனைத் திறந்துவிட்டது உன் மாமியார். அந்த வார்த்தை எப்படிச் சுடும் என்று தெரிந்தவளே அதைச் சொன்னேன்.

ஜாஹித்துக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

தபிதாள்


திருத்தணி
28.9.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை எடுத்து நான்கு முறை வைத்துவிட்டேன். ஜாஹித்துக்கு எழுதிய சீட்டை மெஷின் டிராயரில் போட்டிருந்தேன். உங்கள் மேல் உள்ள கோபத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. நீங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அடுத்து நான் கேட்க வேண்டும், அந்தப் பயம்.

அன்று ரோட்டில் கூட்டத்தால் அவன் லேட்டாகவில்லை அக்கா. என்னால் லேட்டானான்.

உங்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் எனக்கு உண்டு. எந்தக் கைப்பிள்ளைக்குத் துணி தைத்தாலும், ஓரத்தை மடித்து அடிக்கும்போது உள்ளே கறுப்பு நூலில் முடிச்சுகள் வைத்து மூடிவிடுவேன். கண் படாமல் இருக்கத்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை, யாரிடமும் சொல்வதும் இல்லை. ஹெப்சி கவுனுக்குச் சுற்றிலும் வைத்தேன், நம் மோனிகா பிள்ளை என்று கொஞ்சம் அதிகமாகவே.

அன்று காலையில் கடையில் அயர்ன் பண்ணும்போது பார்க்கிறேன், அந்த மெல்லிய வெள்ளைத் துணியில் கறுப்பு நிழல் மாதிரி தெரிகிறது. பிறந்த பிள்ளைகள் கையில் கறுப்புக் கயிறு இருந்தால், "இதெல்லாம் எதுக்கு, அழுக்கு சேரும்" என்று வார்டிலேயே கத்தரித்துப் போடுகிறவர் நீங்கள். போதகர் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போது யாராவது பார்த்து, துலுக்கச்சி என்னவோ வைத்துத் தைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டால்? உங்களுக்குத் தலைகுனிவு ஆகுமே என்று உட்கார்ந்து ஓரம் முழுக்கப் பிரித்தேன். முடிச்சு முடிச்சாக எடுத்து, திரும்ப அடித்தேன். ஜாஹித் கடைக்கு வெளியே வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு கத்துகிறான். "மா, வுடும்மா, பெரிம்மா வாசல்ல நின்னுகினு இருப்பாங்க." நான் தலையைத் தூக்கவில்லை. "தோ முடிஞ்சிருச்சிடா, கேட்டா ரோட்ல கூட்டம்னு சொல்லிக்கோ" என்றேன். அவன் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் பேரிகேட் போடுவதற்கு முன்பே தாண்டியிருப்பான்.

அதற்கும் முன்னால், எலெக்ட்ரிக் டிரெயினில் அரக்கோணம் போய்க்கொள்கிறேன் என்ற உங்களை, "கிருத்திகை அன்னிக்கு அதுல காலு வைக்க முடியுமா, நம்ம வண்டி எதுக்கு இருக்கு" என்று தடுத்ததும் நான்தான்.

அவன் அம்மா சொன்ன பொய்யைச் சொன்னான். நீங்கள் அப்படிப் பேசியபோதுகூட, என்னால் இல்லை, அம்மாவால் என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் என்னைக் கேட்கவில்லை. நான் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டும், உங்களை பிளாக் பண்ணிக்கொண்டும், பெரிய நியாயக்காரி மாதிரி உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தேன். நீங்கள் பேசியது தப்பு, அதில் நான் ஒரு எழுத்தும் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வார்த்தையை நின்று வாங்க வேண்டியவள் நான்.

சீட்டை இன்று காலையில் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்றபடியே படித்தான். மடித்து வண்டியில் கண்ணாடிக்கு மேலே செருகிவிட்டு, ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான்.

நான் அவனிடம் இன்னும் கேட்கவில்லை.

நிஷாத்


கிர்க்கி
10.10.2025

அன்புள்ள நிஷாத்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் போய் அலமாரியைத் திறந்தேன். கவுனை எடுத்து ஓரத்தைப் புரட்டினேன். பழைய ஊசித் துளை வரிசையாக இருக்கிறது. இத்தனை நாள் அதை எப்படிப் பார்க்காமல் விட்டேனோ. விரலால் நெருடிக்கொண்டே போனேன். பின்பக்கத் தையல் சேரும் இடத்தில் சின்னதாகக் கடுகு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு. அவசரத்தில் ஒரு முடிச்சை விட்டுவிட்டாயடி.

மோனிகா ஓடி வந்தாள், அம்மா ஏன் கவுனைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று. எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஸ்டேஷனில் பேசியது உட்பட. இதுவரை அவளிடம் மறைத்து வைத்திருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "ஜாஹித்தையாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ தாமதம் செய்ததாக எழுதியிருக்கிறாய். அது தாமதம், நான் செய்தது அவமதிப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எனக்கு வசதி செய்து கொடுக்காதே. ஆனால் ஒன்று உறுத்துகிறது. என் பேத்திக்கு நீ ஆசையாக வைத்ததை, எனக்குப் பயந்து நீயே பிரித்திருக்கிறாய். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்து, என்னிடம் கேட்கக்கூட உனக்குத் தைரியம் வராத மாதிரி நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். மோனிகாவும் பிள்ளையும் அவள் வீட்டுக்காரரும் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். நம் ஊர் சர்ச்சில் பிள்ளையை முதன்முதலாகக் கொண்டுபோகும்போது உன் கவுன்தான். அதில் கறுப்பு முடிச்சைத் திரும்ப வை. சுற்றிலும், முன்பு எத்தனை இருந்ததோ அத்தனையும். போதகர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அந்த முடிச்சில் நம்பிக்கை இல்லை. உன் மேல் இருக்கிறது.

டிசம்பர் இரண்டாம் வாரம் புறப்படுகிறேன். காலண்டரைப் பார்த்துவிட்டேன், கிருத்திகை இல்லை. அரக்கோணத்தில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஜாஹித்தைக் கட்டாயப்படுத்தாதே. அவன் வராவிட்டால் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து வந்துவிடுவேன், ஒருத்தர் மேலும் வருத்தம் இருக்காது. தாமதமாக வந்தாலும் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும்.

அக்கா


திருத்தணி
21.10.2025

அன்புள்ள அக்கா,

போனில் உங்களைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும், பேசினால் அழுவேன், கடையில் பட்டன் தைக்கும் ரஞ்சிதம் உட்கார்ந்துகொண்டு காதைத் தீட்டுவாள்.

நீங்கள் டிசம்பரில் வருவதை ஜாஹித்திடம் சொன்னேன். ஜாக்கியைப் போட்டு டயர் கழற்றிக்கொண்டிருந்தான். கடைசி நட்டையும் கழற்றி வைத்தான். அப்புறம் சொன்னான், அப்படியே எழுதுகிறேன்.

"பெரிம்மா சொன்னது எனக்கு மறக்கலமா. லெட்டர் படிச்சேன், இன்னும் மறக்கல. எந்த வண்டி, எந்தப் பெட்டினு அனுப்பச் சொல்லு. மேம்பாலம் ஏற வுடக்கூடாது, அவங்களுக்கு மூச்சு வாங்குது."

மறந்துவிட்டான் என்று உங்களிடம் சொன்னால் உங்களுக்கு இதமாக இருந்திருக்கும். ஏற்கனவே ஒரு பொய்யால் பட்டது போதும்.

கவுனைத் தபாலில் அனுப்பாதீர்கள். கையோடு கொண்டு வாருங்கள். டிசம்பருக்குள் பிள்ளை ஒரு சுற்றுப் பெருத்திருக்கும், பழைய அளவு பத்தாது. நல்ல வேளையாக ஓரத்திலும் பக்கத்திலும் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். பிரித்து இறக்கிவிடலாம். எப்படியும் ஓரம் பிரிக்க வேண்டும், முடிச்சை அப்போது வைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வண்டியில் நானும் வருகிறேன். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. வீட்டில் வாய் வரவில்லை. அன்று பேரிகேட் போட்டிருந்தார்களே, அந்த இடம் தாண்டும்போது சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறேன். சொல்லாமல் ஸ்டேஷன் வந்து சேர்ந்தால் என் முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வரும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தடவை மெஷினை முதல் நாளே மூடி, கடைச் சாவியை ஜாஹித் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நிஷாத்